ரெக்கார்டில் ‘1’ என்று எழுதச் சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

உங்கள் லேப் மேனுவலில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேசவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஃபோர்க் எக்ஸர்சைஸின் கடைசியில் ஆர்ஃபன் ப்ராசஸுக்கு ஒரு சின்ன புரோகிராம் வரும். சைல்டு சில விநாடிகள் தூங்கும். அதற்குள் பேரண்ட் முடிந்துவிடும். தூங்கி எழுந்த சைல்டு கெட்பிபிஐடியைக் கூப்பிட்டுத் தன் பேரண்டின் எண்ணை அச்சிடும். ‘எதிர்பார்க்கும் அவுட்புட்’ என்ற இடத்தில் பல மேனுவல்கள் 1 என்று போட்டிருக்கின்றன. ஆர்ஃபனை யார் தத்தெடுப்பார் என்று வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால், இனிட், பிஐடி ஒன்று என்பதே மார்க் கிடைக்கும் பதில்.

ஆனால் லேபில் உள்ள உபுண்டு கம்ப்யூட்டரில், டெஸ்க்டாப்பில் டெர்மினலைத் திறந்து அதே புரோகிராமை ஓட்டினால் 1 வருவதில்லை. 1587 என்றோ 2043 என்றோ ஏதோ ஓர் எண் வருகிறது. திரையில் 1587, மேனுவலில் 1. மாணவர் இரண்டையும் பார்க்கிறார். பக்கத்து சிஸ்டத்திலும் வேறு ஏதோ எண். மணி அடிக்கப் போகிறது. ரெக்கார்ட் நோட்டில் 1 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

என் வேலை லினக்ஸ் சர்வர்களோடு. புதிதாக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்வதும் அதில் சேரும். இந்தக் கேள்வியை நான் வழக்கமாகக் கேட்பேன். எல்லோரும் ஒன்று என்றுதான் சொல்கிறார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னால், வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “சாரி சார், ஏதோ தப்பா வருது” என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். கெர்னல் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. அதைத் தப்பு என்று நினைக்கும்படி நாம் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். எனக்கு வலிப்பது இதுதான். மெஷின் காட்டுவதை விட்டுவிட்டு அச்சில் இருப்பதை எழுதும் பழக்கம் லேபிலேயே தொடங்கிவிட்டால், பிறகு நடு இரவில் சர்வர் விழும்போது லாகில் இருப்பதை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

1 என்பது ஒரு காலத்தில் சரியான பதில்தான். பேரண்ட் இறந்தால் சைல்டு இனிட்டிடம் போகும் என்பது யுனிக்ஸின் பழைய ஏற்பாடு. லினக்ஸிலும் 2012 வரை அப்படித்தான். அந்த ஆண்டு வந்த 3.4 கெர்னலில், பிஆர்சிடிஎல் சிஸ்டம் காலுக்குள் ‘சைல்டு சப்ரீப்பர்’ என்ற புதிய வசதி சேர்ந்தது. சிஸ்டம்டியை எழுதிய லெனார்ட் பொட்டரிங் கொண்டுவந்தது அது. ஒரு ப்ராசஸ் தன்னைச் சப்ரீப்பர் என்று அறிவித்துக்கொண்டால், அதன் சந்ததியில் அனாதையாகும் ப்ராசஸ்கள் பிஐடி 1 வரை போக மாட்டா, அதனிடமே வந்து சேரும். தான் தொடங்கிவைத்த சர்வீஸ்களில் எது இருக்கிறது, எது செத்தது என்று ஒரு மேற்பார்வை ப்ராசஸ் கணக்கு வைத்துக்கொள்ள இது தேவைப்பட்டது. உபுண்டு 2015இல், 15.04 பதிப்பில், சிஸ்டம்டிக்கு மாறியது. இன்று நீங்கள் லாகின் செய்ததும் உங்கள் பெயரில் தனியாக ஒரு சிஸ்டம்டி ஓடத் தொடங்குகிறது. அது ஒரு சப்ரீப்பர். டெஸ்க்டாப் டெர்மினல் அதன் கீழே ஓடுகிறது, உங்கள் ஷெல் டெர்மினலின் கீழே. மாணவரின் திரையில் வந்த 1587 என்பது அந்தச் சிஸ்டம்டியின் எண். பிஎஸ் கமாண்டில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், யூசர் என்ற ஆப்ஷனோடு ஓடும் சிஸ்டம்டி என்று அதுவே சொல்லிவிடும்.

நாம் எல்லோரும் ‘கால்வின்’ என்று சொல்லும் புத்தகம்கூட 2018இல் வந்த பத்தாம் பதிப்பில் இதைத் திருத்திக்கொண்டுவிட்டது. லினக்ஸில் சிஸ்டம்டி அல்லாத வேறு ப்ராசஸ்களும் அனாதைகளை ஏற்றுக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. மேனுவல்கள்தான் இன்னும் பழைய இடத்தில் நிற்கின்றன.

இதை லேபிலேயே காட்ட முடியும், தனிக் கருவி எதுவும் வேண்டாம். சைல்டு ஒருமுறை தூங்கி எழுவதற்குப் பதிலாக, ஒரு லூப்புக்குள் அரை விநாடிக்கு ஒருமுறை கெட்பிபிஐடியை அச்சிடட்டும். மூன்றாவது விநாடியில் பேரண்ட் முடியட்டும். எண் மாறும் அந்தக் கணத்தை மாணவர் கண்ணால் பார்ப்பார். பேரண்ட் முடிந்ததும் ஷெல் பிராம்ப்ட் திரும்பி வந்து சைல்டின் வரிகளோடு கலந்துகொள்ளும். அது குழப்பமாகத் தெரிந்தால் அதையும் விளக்குங்கள், ஷெல் காத்திருந்தது பேரண்டுக்காக மட்டும்தான். இனி அதே புரோகிராமை, அதே கம்ப்யூட்டரில், கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்திக் கிடைக்கும் கறுப்புத் திரையில் லாகின் செய்து ஓட்டச் சொல்லுங்கள். இப்போது 1 வரும்! எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஓட்டினாலும் 1 வரும். அங்கே ஷெல்லின் முன்னோர் வரிசையில் பயனரின் சிஸ்டம்டி இல்லை. லாகினுக்கோ எஸ்எஸ்எச் சர்வருக்கோ மேலே நேராகப் பிஐடி 1தான். ஒரே பைனரி, ஒரே கெர்னல், இரண்டு விடைகள். வைவாவில் கேட்கத் தகுந்த கேள்வி இங்கே இருக்கிறது: ஏன்?

அந்த ‘ஏன்’ தெரிய வேண்டுமென்றால் கெர்னலைத் திறக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை, இது மிகச் சிறிய இடம். கெட்பிபிஐடி ஆர்க்யுமென்ட் எதுவும் வாங்காது, எரர் எதுவும் தராது. 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் அதன் சிஸ்டம் கால் எண் 110. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா ப்ராசசருக்கான லினக்ஸில் நெடுங்காலம் இதற்குத் தனி சிஸ்டம் காலே இருக்கவில்லை. கெட்எக்ஸ்பிஐடி என்ற ஒரே அழைப்பு சொந்த எண்ணையும் பேரண்டின் எண்ணையும் சேர்த்துத் தந்துவந்தது. கெர்னல் சோர்ஸில் சிஸ்.சி என்ற கோப்பில் கெட்பிபிஐடியின் உடல் ஒரு கைப்பிடி வரிகள்தான். ஆர்சியூ ரீட் லாக்கைப் பிடிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்கின் ரியல்_பேரண்ட் என்ற பாயின்டரைப் பின்தொடர்கிறது. அதன் எண்ணை, கேட்பவரின் பிஐடி நேம்ஸ்பேஸில் அது எப்படித் தெரியுமோ அப்படி எடுக்கிறது. லாக்கை விடுகிறது, எண்ணைத் தருகிறது. மேலே ஒரு கமென்ட் இருக்கிறது: நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பாயின்டர் மாறக்கூடும், ஆனாலும் ஆர்சியூவுக்குள் பழைய மதிப்பைப் பயன்படுத்துவதில் ஆபத்தில்லை என்ற பொருளில்.

மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி அந்தக் கமென்டில் இருக்கிறது. பேரண்டின் எண் என்பது ஃபோர்க் நடந்தபோதே எழுதி வைத்த நிலையான விவரம் இல்லை. கேட்ட கணத்தில் யார் பேரண்டோ அவருடைய எண், அவ்வளவே. ஜிலிப்சி 2.3.4 முதல் 2.24 வரை கெட்பிஐடியின் விடையை நினைவில் வைத்துக்கொண்டு திருப்பித் தந்தது. பேரண்டின் எண்ணுக்கு அந்த ஏற்பாடு செய்ய வழியில்லை, ஏனென்றால் ப்ராசஸ் ஏதும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அது மாறிவிடும்.

பாயின்டரின் பெயர் ரியல்_பேரண்ட் என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. டாஸ்க் கட்டமைப்பில் பேரண்ட் என்று இன்னொரு பாயின்டரும் இருக்கிறது. ஜிடிபியால் ஒரு ப்ராசஸைப் பிடித்து டீபக் செய்யும்போது, சிக்னல் செய்திகள் டீபக்கருக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த இரண்டாவது பாயின்டர் ஜிடிபியைக் காட்டும். கெட்பிபிஐடி அதைப் பார்ப்பதில்லை. டீபக்கர் ஒட்டிக்கொண்டாலும் பெற்ற ப்ராசஸின் எண்ணையே சொல்கிறது.

புதிய பேரண்டைத் தேடும் வேலை எக்ஸிட்.சி கோப்பில் நடக்கிறது. இறக்கும் ப்ராசஸில் இன்னொரு த்ரெட் உயிரோடிருந்தால் சைல்டு அதனிடமே தங்கும். இல்லையென்றால் முன்னோர் வரிசையில் மேலே ஏறி, முதலில் எதிர்ப்படும் சப்ரீப்பரிடம் ஒப்படைக்கும். அப்படி யாரும் இல்லையென்றால்தான் அந்த நேம்ஸ்பேஸின் முதல் ப்ராசஸ். ஆர்ஃபன் பற்றி ஒரு மாணவர் வைவாவில் சொல்ல வேண்டியது இந்த மூன்று வாக்கியங்களைத்தான்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். முக்கியம். லேபில் படித்த ‘1’ பிறகு கோடுக்குள் நுழைகிறது. பேரண்ட் செத்துவிட்டால் வொர்க்கரும் நின்றுவிட வேண்டும் என்பது சர்வர் எழுதுபவர்களின் அன்றாடத் தேவை. நம் பிள்ளைகள் அதை எழுதும்போது, கெட்பிபிஐடி 1 தந்தால் வெளியேறு என்று எழுதுகிறார்கள். டெஸ்க்டாப்பில் ஓட்டினால் அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. பேரண்ட் போன பிறகும் வொர்க்கர் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதையே டாக்கர் கன்டெய்னரில் ஏற்றினால் நேர் எதிர் நடக்கும். அங்கே நாம் ஓட்டும் புரோகிராமே பிஐடி 1. அது பெற்ற சைல்டுகளுக்கு, பேரண்ட் நல்ல உயிரோடு இருக்கும்போதே கெட்பிபிஐடி 1 என்றுதான் சொல்லும். பிறந்த அடுத்த கணமே ஒவ்வொரு வொர்க்கரும் வெளியேறிவிடும். அந்த முதல் ப்ராசஸே தன் பேரண்டைக் கேட்டால் 0 கிடைக்கும். பேரண்ட் வேறு நேம்ஸ்பேஸில் இருந்தால் 0 என்பது லினக்ஸின் விதி. சூடோ அனுமதி இருக்கும் ஒரு சிஸ்டத்தில், அன்ஷேர் கமாண்டால் புதிய பிஐடி நேம்ஸ்பேஸில் ஒரு பேஷைத் தொடங்கி, பிபிஐடி வேரியபிளை அச்சிட்டுக் காட்டுங்கள், 0 வரும். கன்டெய்னர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரியான வழி எளிமையானது. ஃபோர்க் செய்வதற்கு முன்பே பேரண்ட் தன் பிஐடியை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ள வேண்டும். சைல்டு அவ்வப்போது கெட்பிபிஐடியைக் கேட்டு, அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறாக இருந்தால் பேரண்ட் போய்விட்டது. பைத்தான் உலகில் பலரும் பயன்படுத்தும் கூனிகார்ன் சர்வரின் வொர்க்கர்கள் செய்வது அப்படியே இதுதான். தலைமை ப்ராசஸின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அது மாறிவிட்டால் பேரண்ட் மாறிவிட்டது என்று லாகில் எழுதிவிட்டு நிற்கின்றன. எந்த எண்ணாக மாறியது என்று பார்ப்பதே இல்லை.

இந்த ஒப்பீட்டை ஏன் நம்பலாம் என்பதையும் வகுப்பில் பேசலாம். பிஐடிகள் மறுபடி பயன்படுத்தப்படுகின்றன. இயல்பான உச்சவரம்பு நெடுங்காலமாக 32768ஆக இருந்தது, 64 பிட் கெர்னலில் 4194304 வரை உயர்த்தலாம். செத்துப்போன பேரண்டின் எண் வேறு யாருக்காவது போய், நம் சைல்டு ஏமாந்துவிடாதா? ஏமாறாது. புதிய பேரண்டாக வரக்கூடியவர் முன்னோர் வரிசையில் இருப்பவர். பழைய பேரண்ட் உயிரோடிருந்தபோதே அவரும் உயிரோடிருந்தார். ஒரே நேரத்தில் இருந்த இருவருக்கு ஒரே எண் இருக்க முடியாது. ஆகவே எண் மாறாமல் இருக்கிறது என்றால், கேட்ட கணத்தில் பழைய பேரண்ட் அங்கேதான் இருந்தது. பேரண்டின் எண்ணுக்கு 0 என்ற சிக்னலைக் கில் மூலம் அனுப்பி உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த எண்ணை இப்போது வைத்திருப்பவர் யாரோ ஒருவராக இருக்கலாம். பேரண்ட் முடிந்து ஜாம்பியாகக் கிடந்தாலும் கில் வெற்றி என்றே சொல்லும். கெட்பிபிஐடியோ பேரண்ட் எக்ஸிட் ஆனபோதே மாறியிருக்கும்.

லூப்பில் கேட்டுக்கொண்டே இருப்பது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிஆர்சிடிஎல்லில் பிஆர்_செட்_பிடெத்சிக் என்ற ஆப்ஷன். பேரண்ட் இறந்தால் எனக்கு இந்தச் சிக்னலை அனுப்பு என்று சைல்டு கெர்னலிடம் சொல்லி வைக்கலாம். அங்கேயும் கெட்பிபிஐடியை விட முடியாது. ஃபோர்க்குக்கும் அந்த அழைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியிலேயே பேரண்ட் இறந்துவிட்டால் சிக்னல் வரவே வராது. அதனால் சொல்லி வைத்த உடனே ஒருமுறை கெட்பிபிஐடியைக் கேட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். வரிசை மாறக் கூடாது, முதலில் பிஆர்சிடிஎல், பிறகு ஒப்பீடு. மாற்றிப் போட்டால் இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும். ரேஸ் கண்டிஷன் என்றால் என்ன என்று செமஃபோர், மியூட்டெக்ஸ் பாடத்துக்காகக் காத்திருக்காமல், இந்த இரண்டு வரிகளிலேயே காட்டிவிடலாம். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: இந்த ஆப்ஷனுக்குப் பேரண்ட் என்பது ஃபோர்க் செய்த அந்தத் த்ரெட். பல த்ரெட் ஓடும் புரோகிராமில் ஒரு வொர்க்கர் த்ரெட் ஃபோர்க் செய்துவிட்டு முடிந்தால், ப்ராசஸ் உயிரோடிருக்கும்போதே சைல்டுக்குச் சாவுச் செய்தி போய்விடும்.

தன் பேரண்டை மட்டுமே கெட்பிபிஐடி சொல்லும். இன்னொரு ப்ராசஸின் பேரண்ட் வேண்டுமென்றால் லினக்ஸில் ப்ராக் டைரக்டரிக்குப் போக வேண்டும். அங்கே அந்த எண்ணின் கீழே உள்ள ஸ்டாட் கோப்பில் நான்காவது ஃபீல்டு பிபிஐடி என்று சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்கள் ஆக் கமாண்டில் நான்காவது சொல்லை எடுக்கிறார்கள். லேபில் ஃபயர்ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதன் டேப் ப்ராசஸ் ஒன்றில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஃபீல்டு அடைப்புக்குறிக்குள் ப்ராசஸின் பெயர். அந்தப் பெயர் ‘ஐசொலேட்டட் வெப் கோ’. கெர்னல் 15 எழுத்துகளோடு வெட்டிவிட்டதால் கடைசிச் சொல் பாதியில் நிற்கிறது. பெயருக்குள் இரண்டு இடைவெளிகள் இருப்பதால் நான்காவது சொல்லாகக் கிடைப்பது பேரண்டின் எண் இல்லை, ‘கோ’ என்ற துண்டும் ஒரு மூடும் அடைப்புக்குறியும். கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி அதற்குப் பிறகு எண்ண வேண்டும். அல்லது ஸ்டேட்டஸ் கோப்பில் பிபிஐடி என்று தொடங்கும் வரியைப் படித்துவிடலாம். இதைச் சொல்லித் தரும் மேனுவல் எதையும் நான் பார்த்ததில்லை.

ஷெல் ஸ்கிரிப்ட் எக்ஸர்சைஸிலும் ஒரு வரி சேருங்கள். பேஷின் பிபிஐடி வேரியபிள், ஷெல் தொடங்கியபோது இருந்த பேரண்டின் எண். பேரண்ட் செத்தாலும் அது மாறாது. பெயர் ஒத்திருப்பதால் அதுவும் கெட்பிபிஐடியும் ஒன்றே என்று நம்பி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் ஏராளம். பைத்தானின் ஓஎஸ் மாட்யூலில் உள்ள கெட்பிபிஐடியும் விண்டோஸில் ஓடினால், பேரண்ட் போன பிறகும் பழைய எண்ணையே தரும். அந்த எண் அதற்குள் வேறொரு ப்ராசஸுக்குப் போயிருக்கலாம் என்று பைத்தான் டாக்குமென்டேஷனே எச்சரிக்கிறது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை நீங்கள் எழுதவில்லை. இரண்டு பீரியட் லேபில் பாதி நேரம் லாகினிலும் சின்டாக்ஸ் எரரிலும் போய்விடுகிறது. எக்ஸ்டர்னல் எதிர்பார்க்கும் விடையை மாணவர் சொல்லவில்லையென்றால் மார்க் போகும், அந்தப் பழி உங்கள் மேல் விழும். ஆனால் அந்த எக்ஸ்டர்னலும் உங்களில் ஒருவர்தானே. இன்னொரு கல்லூரிக்குப் போய் வைவா எடுக்கும் நீங்கள், 1587 என்று சொல்லும் மாணவரைத் திருத்தாமல், அது யாருடைய எண் என்று அடுத்த கேள்வி கேட்டால் போதும். சில ஆண்டுகளில் மேனுவல்கள் தாமாக மாறிவிடும்.

அதற்கு முன்னால் இந்த செமஸ்டரில் ஒன்று செய்யுங்கள். ஆர்ஃபன் எக்ஸர்சைஸில் ‘எதிர்பார்க்கும் அவுட்புட்’ என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். தன் திரையில் வந்த எண்ணையும், அந்த எண்ணுக்குரிய ப்ராசஸின் பெயரையும், எந்த டெர்மினலில் ஓட்டினார் என்பதையும் மாணவர் தானே எழுதட்டும். அறுபது ரெக்கார்டுகளில் அறுபது விதமாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒரு சிஸ்டம்ஸ் புரோகிராமர்